பாலிஹவுஸ் கிர்ணியில் நோய்: விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஓசூரை அடுத்த தளிப் பக்கம் எங்களுக்கு 25 சென்ட்டில் ஒரு பாலிஹவுஸ், அதாவது பாலித்தீன் ஷீட் போர்த்திய பசுமைக்குடில் இருக்கிறது. பத்து வருடம் அதில் ரோஜாதான். ரோஜாவைப் பிடுங்கிவிட்டு கிர்ணி (முலாம்பழம்) வைத்த முதல் தடவை, கீழ் இலைகளில் மாவு தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. சாம்பல் நோய் நமக்குத் தெரியாததா என்று, ரோஜாவுக்கு அடிக்கிற நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) அதே அளவில், பதினொரு மணி வெயிலில் அடித்தேன். மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகி அப்பளமாக நொறுங்கியது. நோய் தின்றதைவிட நான் எரித்ததுதான் அதிகம். கிர்ணி இலையைக் கந்தகம் எளிதில் சுட்டுவிடும், அதுவும் 30 டிகிரிக்கு மேல் கேட்கவே வேண்டாம்.

அப்புறம்தான் மருந்துக்கு முன்னால் நோயைப் பார்க்கப் பழகினேன். காலை ஆறு மணிக்கு உள்ளே போய் இலையைத் திருப்ப வேண்டும். வெள்ளைப் பொடி மேலே இருந்து, கட்டைவிரலால் துடைத்தால் வந்துவிட்டால் அது சாம்பல் நோய். இலையின் மேல்பக்கம் நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் திட்டு, அதற்கு நேர் அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூஞ்சை மயிர் என்றால் அடிச்சாம்பல் நோய். வெயில் ஏறினால் அந்த மயிர் சரியாகத் தெரியாது. மத்தியானம் பார்த்துவிட்டு சத்துக் குறைபாடு என்று உரம் போடுகிறவர்கள் உண்டு. நானும் போட்டிருக்கிறேன்.

பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டின் குணம் வேறு. அடிச்சாம்பலுக்கு இலை சில மணி நேரம் நனைந்தே இருக்க வேண்டும். சாம்பல் நோய்க்கு அது தேவையில்லை. நிழலும் நெருக்கமும் காற்றில் ஈரமும் போதும். மழை விழாத பாலிஹவுஸில் இலை எப்படி நனையும் என்று கேட்கலாம். டிசம்பரில் எங்கள் ஊர்க் குளிரில் ராத்திரி முழுக்க ஷீட்டின் உள்பக்கம் வியர்த்து, விடியலில் சொட்டுச் சொட்டாகக் கொடி மேல் விழும். சொட்டுநீரைச் சாயங்காலம் திறந்தால் அந்த ஈரமும் சேர்ந்துகொள்ளும். அதனால் தண்ணீர் காலையில் மட்டும். வெயில் வந்ததும் பக்கத் திரையைச் சுருட்டிவிடுவோம். குளிருக்குப் பயந்து நாள் முழுக்க மூடி வைப்பதுதான் பெரிய தப்பு. கொடியை ஒற்றைத் தண்டாகக் கயிற்றில் ஏற்றி, காய் பிடித்த பிறகு தரையைத் தொடும் பழைய இலைகளை எடுத்துவிடுங்கள்.

கிள்ளுவது, கவாத்து எல்லாம் இலை காய்ந்த பிறகுதான். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பூச்சி வலை போட்டால் தேனீ வராது. ஆண் பூவைப் பறித்து நாமேதான் பெண் பூவில் தொட்டுவைக்க வேண்டும், அதையும் காலையிலேயே செய்தாக வேண்டும். அந்த நேரம் பூவை மட்டும் தொட்டு, இலையில் உரசாமல் நகருங்கள். என் மனைவி பூ தொட்டுக்கொண்டே நோயையும் பார்த்துவிடுவாள், நோய் தெரிந்த செடியில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிட்டு வருவாள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் நனைப்போம். நனைக்காத வருடம், வெட்டிய இடங்களில் தண்டு நீர்க்கோத்துப் பழுப்புப் பிசின் வடிந்தது. தண்டுக் கருகல் அப்படித்தான் கை மாறிக் கை மாறிப் போகும்.

வெயிலில் வாடி, சாயங்காலமும் தேறாத செடியைப் பிடுங்கித் தண்டின் அடியை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் ஃபியூசேரியம் என்ற மண் பூஞ்சையால் வரும் வாடல். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. இரண்டுக்கும் அந்தப் பட்டத்தில் வைத்தியம் தேடிப் பயனில்லை. விதையிலேயே ஒரு கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலப்பது, அடியில் வேப்பம் புண்ணாக்கு போடுவது எல்லாம் முன்னேற்பாடு.

இலை சுருண்டு மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்தால் வைரஸ். அசுவினியோ வெள்ளை ஈயோ கொண்டு வந்திருக்கும். செடியை உலுக்கிப் பிடுங்காதீர்கள், ஈ பறந்து பக்கத்துக் கொடியில் உட்காரும். பெரிய பிளாஸ்டிக் பையை மேலே கவிழ்த்து, கட்டி, அப்புறம் அடியில் அறுக்க வேண்டும். மஞ்சள் ஒட்டுப் பொறியைக் கொடியின் நுனி உயரத்தில் தொங்கவிட்டு, கொடி ஏற ஏற அதையும் ஏற்றுங்கள். ஆள் நுழைய இரட்டைக் கதவு வைத்துவிட்டு இரண்டையும் சேர்த்துத் திறந்துபோடும் பழக்கத்தை எங்கள் வீட்டில் இன்னும் என்னால் மாற்ற முடியவில்லை.

கந்தகத்துக்குப் பதில் சாம்பல் நோய்க்கு இப்போது ஒரு லிட்டர் பாலுக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர் கலந்து, புள்ளி தெரிந்த அன்றிலிருந்து வாரம் ஒரு முறை அடிக்கிறேன். பிரேசிலில் பெட்டியோல் என்பவர் சுக்கினி என்ற பூசணி வகையில் செய்து 1999இல் வெளியிட்ட முறை இது. புள்ளி நாலைந்து இலையில் இருக்கும்போது நன்றாகக் கேட்கிறது. கொடி முழுக்க வெளுத்த பிறகு பாலும் வீண், கூலியும் வீண்.

அறுவடை முடிந்ததும் கொடி, வேர், அழுகிய காய் எதையும் உள்ளே விடுவதில்லை. ஏப்ரலில் மண்ணை நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலித்தீனை விரித்து ஓரத்தை மண்ணால் மூடி, ஆறு வாரம் வெயிலில் வேக விடுகிறோம்.