விடைக்கு ஒரு பக்கம் முன்னால் நிறுத்துங்கள்: பிரிட்டிஷ் துப்பறியும் சிறுகதைகளைப் படிக்கும் முறை

துப்பறியும் சிறுகதையை ஒரே மூச்சில் படித்து முடித்துவிடாதீர்கள். நானும் என் மகளும் மூன்று வருடமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிரிட்டிஷ் கதைகளைப் பாதியில் மூடி வைத்து, விடையை யூகித்துப் பார்த்துத்தான் படிக்கிறோம். ஆளுக்கொரு நோட்டு, ஒரு பென்சில் போதும்.

முதலில் கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ். 1891-இல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்த 'ரெட்-ஹெடட் லீக்' கதையை எடுங்கள். தலைமுடி சிவப்பாக இருக்கும் ஓர் அடகுக்கடைக்காரருக்குக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுத வாரம் நாலு பவுண்டு சம்பளம். எதற்காக? ஹோம்ஸ் அந்தக் கடை வாசலில் கைத்தடியால் தரையைத் தட்டுவார். கடைச் சிப்பந்தியிடம் வழி கேட்பார். ஆனால் பார்ப்பது அவன் கால்சட்டையின் முழங்காலை. அப்புறம் பின்தெருவுக்குப் போய், அங்குள்ள கடைகளை வரிசையாகச் சொல்வார். அந்த வரிசை முடிந்ததும் புத்தகத்தை மூடுங்கள். தேவையான தடயமெல்லாம் வந்தாயிற்று. என் மகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், நான் கைத்தடியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டையும் சேர்க்க எங்களுக்கு அரைமணி நேரம் ஆனது.

அடுத்து செஸ்டர்டனின் துப்பறியும் பாதிரியார் பிரௌன். 1910-இல் வந்த 'தி ப்ளூ கிராஸ்' கதையில் சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு இருக்கும், சுவரில் சூப் வழியும், பழக்கடையில் விலைச்சீட்டுகள் இடம் மாறியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'இதைச் செய்தவருக்கு என்ன லாபம்?' என்று எழுதிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஆஸ்டின் ஃப்ரீமன். மருத்துவம் படித்தவர். அவருடைய 1912 தொகுப்பில் உள்ள 'ஆஸ்கர் பிராட்ஸ்கி' கதையில் கொலையாளி யாரென்பது முதல் பாதியிலேயே தெரிந்துவிடும். கொன்ற உடலை ரயில் பாதையில் கிடத்தி, விபத்துபோலக் காட்டப் பார்க்கிறான். முதல் பாதியைப் படிக்கும்போதே அவன் எதை மறந்தான், எதைத் தொட்டான், எது உடைந்தது என்று பட்டியல் போடுங்கள். இரண்டாம் பாதியில் துப்பறிபவரான டாக்டர் தார்ன்டைக் பச்சை நிறச் சின்னப் பெட்டியோடு வருவார். அதற்குள்தான் அவருடைய ஆய்வுக்கூடம். அவர் கண்டுபிடிப்பதையெல்லாம் உங்கள் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே போங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒரு கதைக்கு மூன்று இரவுகள் ஆயின.

நாலைந்து பேர் சேர்ந்து படிப்பதென்றால் அகதா கிறிஸ்டி. துப்பறியும் முதிய பெண்மணி மிஸ் மார்ப்பிள் 1927-இல் முதன்முதலாக வரும் 'டியூஸ்டே நைட் கிளப்' கதையிலேயே ஆறு பேர் உட்கார்ந்து ஒரு மர்மத்தை அலசுகிறார்கள். ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பின்னல் வேலையோடு ஓரமாக இருக்கும் மார்ப்பிள் பதில் சொல்ல வாயைத் திறக்குமுன் எல்லோரும் அவரவர் விடையை எழுதிவிட வேண்டும். தன் கிராமத்து மனிதர்களோடு ஒப்பிட்டுத்தான் அவர் குற்றவாளியைப் பிடிப்பார். அதனால் கதையில் வருபவர்கள் உங்களுக்குத் தெரிந்த யாரை நினைவுபடுத்துகிறார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: தொகுப்புகளின் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பழைய புத்தகக் கடையில் ஆசையாக வாங்கிய ஒரு தொகுப்பின் முன்னுரை, இரண்டு கதைகளின் விடையைப் போட்டு உடைத்துவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. டாயில், செஸ்டர்டன் கதைகள் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

1970-களின் எழுத்தாளர் ரூத் ரெண்டெல் வேறு மாதிரி. 'தி ஃபாலன் கர்ட்டன்' கதையில் வருபவனுக்குச் சிறுவயதில் ஒரு அந்நியரோடு கழித்த சில மணி நேரம் நினைவில்லை. துப்பறிபவரும் இல்லை, தடயமும் இல்லை. இதை மட்டும் நிறுத்தாமல் படியுங்கள். மகளோடு இன்னும் இதைப் படிக்கவில்லை. அவளுக்குப் பதினாறு ஆகட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.