ஜப்பானில் ஓவியம் பார்க்க: முதலில் அட்டவணை, பிறகு பயணச்சீட்டு

டோக்கியோ நெஸூ அருங்காட்சியகத்துக்குப் பலரும் போவது பழைய ஜப்பானிய ஓவியர் ஓகாட்டா கோரின் ஐரிஸ் மலர்களை வரைந்த மடிப்புத் திரைகளுக்காக. அவை வெளியே வருவது வழக்கமாக ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரைதான். தோட்டத்துக் குளத்தில் அதே பூ மலரும் நாட்கள். வெளிச்சமும் ஈரப்பத மாற்றமும் கெடுக்கும் என்பதால் மற்ற மாதங்களில் காப்பறைதான். அவருடைய பிளம் மரத் திரைகளுக்கு அடாமி நகரின் எம்ஓஏ அருங்காட்சியகம், பிப்ரவரி வாக்கில்.

ஆண்டு அட்டவணையில் கண்காட்சிப் பெயரோடு நிற்காமல் படைப்புப் பட்டியலையும் பாருங்கள். ‘ஸென்கி’ என்றால் முதல் பாதி, ‘கோகி’ பிற்பாதி. நடுவில் ஓவியங்களை மாற்றிவிடுவார்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். இரு கண்காட்சிகளுக்கு இடையே நெஸூ மூடியிருக்கும். வார விடுமுறை திங்கள். அன்று பொது விடுமுறையானால் மறுநாள் மூடுவார்கள். நுழைவு நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள்.