மௌன நகைச்சுவைப் படத்துக்கு வீட்டில் இசை கோப்பது எப்படி

"காமெடி மியூசிக்" என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் துள்ளல் மெட்டுகளை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அவை "இதோ சிரிப்பு வருது" என்று முன்கூட்டியே சொல்லிவிடும். பிறகு பார்ப்பவருக்குச் சிரிப்பே வராது. மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் முகத்தில் சிரிப்பைக் காட்டாதவர். படத்தில் தான் கட்டிய வீடு சரிகிறதே என்ற கவலைதான் அவருக்கு. இசையும் அந்தக் கவலையை நம்ப வேண்டும். சிரிக்க வேண்டியது கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்.

எந்தப் படத்துக்கு இசை கோக்கலாம் என்பதை அடுத்துப் பாருங்கள். சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931), 'மாடர்ன் டைம்ஸ்' (1936) இரண்டும் அவரே அமைத்த இசையோடு வெளிவந்தவை. அவற்றைத் தொட வேண்டாம். முதல் முயற்சிக்கு இரண்டு ரீல் குறும்படம் சரியான அளவு. இருபது நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். கீட்டனின் 'ஒன் வீக்' (1920) நல்ல தொடக்கம். கீழே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் அந்தப் படத்திலிருந்துதான்.

ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் ஒரே நீளத்தில் இருக்காது. மௌனப் படங்களுக்கு நிலையான வேகம் கிடையாது. 1,000 அடி ரீல் ஒன்றை விநாடிக்கு 16 பிரேம் வீதம் ஓட்டினால் 16 நிமிடம் 40 விநாடி ஓடும். 24 வீதம் ஓட்டினால் 11 நிமிடத்தைச் சற்றே தாண்டும். எனவே வேறொருவர் எழுதிய நேரக் குறிப்பு உங்கள் பிரதிக்குப் பொருந்தாது. திரையிடப்போகும் அதே கோப்பை வைத்துத்தான் குறிப்பெடுக்க வேண்டும். ஆட்கள் பொம்மைபோல் விறுவிறுவென ஓடுவதாகத் தெரிந்தால் பிளேயரில் வேகத்தை 0.8 அல்லது 0.85-க்குக் குறைத்துப் பாருங்கள். இசையைத் தேடுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். பிறகு மாற்றினால் மொத்த வேலையும் வீண்.

படத்தைச் சத்தமில்லாமல் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை தாளில் மூன்று பத்தி போடுங்கள்: நேரம், நடப்பது, மனநிலை. ஒவ்வொரு விழுதலையும் எழுத வேண்டியதில்லை. கதை திரும்பும் இடங்கள் போதும். 'ஒன் வீக்'கில் அவை இப்படி வரும்: திருமணம், பெட்டிகளில் வந்திறங்கும் வீடு, எண்கள் மாற்றப்பட்ட பெட்டிகளை வைத்துக் கட்டும் வேலை, புதுமனை விருந்து, புயல், வீட்டை இழுத்துச் செல்வது, ரயில். ஏழு திருப்பத்துக்கு ஐந்தாறு இசைத்துண்டுகள் போதும். இருபது நிமிடத்துக்குள் பதினைந்து துண்டுகளைத் திணித்தால் காது களைத்துப்போகும். அந்தக் காலத் தியேட்டர் பியானோக்காரர்களும் மனநிலை பார்த்துத்தான் வாசித்தார்கள். 1924-இல் எர்னோ ராப்பே தொகுத்த இசைக்குறிப்புப் புத்தகத்தில் 52 மனநிலைகள் உண்டு. வாசித்துக்கொண்டிருக்கும்போதே தாவுவதற்கு வசதியாக ஒவ்வொரு பக்க ஓரத்திலும் அந்தப் பட்டியலை அச்சிட்டிருந்தார்கள்.

இசையின் வேகத்தைக் காதை நம்பி முடிவு செய்யாமல் காலடிகளை எண்ணிப் பாருங்கள். நாயகன் நடக்கும் காட்சியில் 15 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறான் என்று எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று வரும். இசை அதே வேகத்திலோ சரிபாதி வேகத்திலோ இருந்தால் உடனே பொருந்தும். பத்துப் பதினைந்து தட்டு தள்ளிப்போனால் என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் காட்சி நொண்டும். துரத்தல் காட்சியை முதல் விநாடியிலேயே உச்ச வேகத்தில் ஆரம்பிக்கக் கூடாது. 110-இல் தொடங்குங்கள், நடுவில் 130-க்குப் போங்கள், கடைசி அரை நிமிடத்துக்கு 160-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எதை வாசிப்பது. ராக்டைம் என்ற பழைய அமெரிக்கப் பியானோ இசை எல்லாரும் எடுப்பது, தவறில்லை. ஆனால் வேகமாக வாசிக்கப்பட்ட பதிவுகளைத் தவிருங்கள். ராக்டைமை வேகமாக வாசிக்கவே கூடாது என்று அந்த வகையின் இசையமைப்பாளர் ஸ்காட் ஜோப்ளின் தம் இசைக்குறிப்புத் தாள்களிலேயே அச்சிட்டார். வீடு கட்டும் காட்சிக்கு நிதானமான ராக்டைம் அருமையாக உட்காரும்.

நம் வீட்டிலேயே இதற்கு ஏற்ற செல்வம் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய பேண்டு மெட்டுகளைக் கேட்டுச் சங்கராபரணத்தில் அமைத்த நோட்டுஸ்வரங்களை வயலினிலோ வீணையிலோ வாசித்த பதிவுகளைத் தேடுங்கள். குட்டையானவை, நேரான தாளம், கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) குறைவு. படத்தின் மேற்கத்தியத் தோற்றத்தோடும் முட்டாது, நம் காதுக்கும் அந்நியமாகாது. 'சந்ததம் பாஹிமாம்' மட்டும் வேண்டாம். அது பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டு, தாத்தா பாட்டிக்கு உடனே பிடிபட்டுக் கவனம் அங்கே போய்விடும். கதனகுதூகல ராகம் புறப்பாட்டுக்கும் உற்சாகத்துக்கும் பொருந்தும். சோகத்துக்குச் சுபபந்துவராளி கைகொடுக்கும், ஆனால் முப்பது விநாடிக்கு மேல் வேண்டாம், படம் வேறு படமாகிவிடும்.

மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைத் துரத்தலுக்கு வைத்துப் பாருங்கள். இதற்கு ஒரு முறை இருக்கிறது: கோர்வை (முத்தாய்ப்பாக வரும் தாளக்கட்டு) முடிந்து சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், விழும் அந்தத் தட்டை, ஆள் விழும் பிரேமில் முதலில் பொருத்துங்கள். பிறகு பின்னோக்கிப் போய், துண்டு எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே வெட்டுங்கள். தொடக்கத்திலிருந்து பொருத்திக்கொண்டு வந்தால் முடிவு ஒருபோதும் சரியாக விழாது. மற்ற எல்லாத் துண்டுகளுக்கும் இதே முறைதான்.

வேண்டாதவை மூன்று. பாடல் வரி உள்ள எதுவும் வேண்டாம். கண் படத்தை விட்டுவிட்டு மனம் வார்த்தைக்குப் போகும். தெரிந்த சினிமாப் பாட்டின் கருவியிசையும் வேண்டாம். கூடத்தில் யாராவது முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள். பிரபலமான பக்திக் கிருதியும் கூடாது. சேற்றில் ஒருவன் புரளும்போது அது ஒலித்தால் பெரியவர்கள் மனம் புண்படும், நியாயமாகவே.

நிசப்தத்தையும் ஒரு துண்டாகக் குறிப்பில் எழுதுங்கள். 'ஒன் வீக்' முடிவில் வீடு தண்டவாளத்தில் சிக்கிக்கொள்கிறது, ரயில் வருகிறது, பக்கத்துத் தண்டவாளத்தில் கடந்துபோகிறது. அந்த நொடியில் இசையை முழுக்க நிறுத்துங்கள். தம்பதி மூச்சுவிடுகிறார்கள், பார்ப்பவர்களும் விடுகிறார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டாவது ரயில் வந்து வீட்டை நொறுக்கும்போது ஒரு தட்டுகூட வேண்டாம். இசை தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது ரயிலை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மூன்று விநாடி கழித்துத் தொடக்கத்துத் திருமண மெட்டு மெல்ல வரட்டும்.

துண்டுகளை இணைக்க ஷாட்கட் போன்ற இலவச வீடியோ எடிட்டர் போதும். படத்தின் ஒலித்தடத்தை முடக்கி, இசையைக் கீழே அடுக்குங்கள். ஒன்றை இன்னொன்றில் கரைக்கும் வசதியைக் கவனமாகப் பயன்படுத்துங்கள்: சுருதி வேறான இரண்டு துண்டுகள் இரண்டு விநாடி ஒன்றன்மேல் ஒன்று ஒலித்தாலே அபஸ்வரம் தெறிக்கும். முதல் துண்டை இறக்கி முடித்து, அரை விநாடி இடைவெளி விட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். மாற்றம் காட்சி மாறும் இடத்தில் வரட்டும். வசனம் காட்டும் எழுத்து அட்டையின் நடுவில் வேண்டாம். வீட்டில் ஒருவர் அட்டைகளைத் தமிழில் வாசித்துச் சொல்வதாக இருந்தால் அந்த இடங்களில் ஒலியை 6 டெசிபல் குறையுங்கள். கச்சேரிப் பதிவுகளின் கைதட்டலை வெட்ட மறக்காதீர்கள்.

ஸ்பீக்கரை புளூடூத்தில் இணைத்தால் ஒலி பிந்தக்கூடும். கால் விநாடி பிந்தினாலும் சமம் தவறிவிடும். 3.5 மில்லிமீட்டர் கேபிள் போட்டுவிடுங்கள். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த இடப்பக்க ஒலி கீழ்வீட்டுக்கு இறங்கும். நாற்காலியில் மெத்தை போட்டு அதன்மேல் வைத்து, பாஸ் எனும் தாழ்ந்த ஒலியைக் குறைத்து, இரவு 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். மின்விசிறி சுழலும்போதே ஒலியளவைச் சரிபாருங்கள், ஏனென்றால் திரையிடும்போது அது சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

பிள்ளைகள் மைலோ டின்னும் விசிலும் வைத்துக்கொண்டு சேர்ந்துகொள்ள ஆசைப்படுவார்கள். ஆளுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: ஒருவருக்குக் கதவு, ஒருவருக்கு ரயில் விசில். படத்தை முன்பே பார்த்திருந்தால்தான் சரியான நேரத்தில் தட்ட முடியும்.

மெட்டு பழையது என்றால் பதிவும் பழையது என்று பொருளல்ல. நூறாண்டு பழைய மெட்டைச் சென்ற ஆண்டு ஒருவர் வாசித்திருந்தால் அந்தப் பதிவு அவருடையது. வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு பார்க்கும்வரை கவலையில்லை. அதையே புளோக் கீழ்த்தளத்திலோ சமூக மன்றத்திலோ திரையிடத் திட்டமிட்டால், படத்துக்கும் இசைக்கும் என்னென்ன அனுமதி வேண்டும் என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். இசைப் படைப்புகளுக்கான உரிமத்தைச் சிங்கப்பூரில் காம்பஸ் அமைப்பு வழங்குகிறது.