ஸ்வாபிய கேஸ்ஷ்பெட்ஸ்லே: மாவு அடிப்பது முதல் தட்டில் போடுவது வரை

ஜெர்மனி என்றால் சாசேஜும் பீரும்தான் என்று எண்ணிப் போகிறவர்களுக்கு அந்நாட்டின் தென்மேற்கு மூலை வேறொன்றைச் சமைத்துத் தரும். ஸ்டுட்கார்ட், ட்யூபிங்கன், உல்ம் நகரங்களைச் சுற்றியுள்ள ஸ்வாபியப் பகுதியில் முட்டை சேர்த்த மாவை நேராகக் கொதிநீரில் சீவிப்போட்டு வேகவைப்பார்கள். அதுதான் ஷ்பெட்ஸ்லே. அதைச் சீஸுடன் அடுக்கி, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம் போட்டால் கேஸ்ஷ்பெட்ஸ்லே. தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்து ஆல்காய் ஊர்களில் இதையே கெஸ்ஷ்பட்ஸன் என்பார்கள். ஸ்வாபிய ஷ்பெட்ஸ்லேவுக்கு 2012-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இறைச்சி தொடாத, ஆனால் முட்டை சாப்பிடுகிற பயணிக்கு இந்தப் பகுதியில் இதைவிட நம்பகமான உணவு கிடையாது. வீட்டிலும் செய்யலாம், தங்கும் விடுதியில் அடுப்பு இருந்தால் அங்கேயும் செய்யலாம். ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம்: மாவின் பதம். அது சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

வேண்டியவை (4 பேருக்கு)

மைதா 350 கிராம், மெல்லிய ரவை 50 கிராம், முட்டை 5, உப்பு 1 தேக்கரண்டி, தண்ணீர் 100 முதல் 150 மில்லி வரை. சீஸ் 250 கிராம், பெரிய வெங்காயம் 3, வெண்ணெய் 40 கிராம், மிளகுத்தூள் கொஞ்சம். ஜாதிக்காய் இருந்தால் ஒரு சிட்டிகை துருவிப் போடுங்கள்.

ரவை எதற்கு? ஜெர்மன் கடைகளில் ஷ்பெட்ஸ்லேவுக்கென்றே ஒரு மாவு கிடைக்கும். மைதாவைவிடச் சற்றுப் பருபருவென்று, ரவையைவிட நைசாக அரைத்தது. அது வெந்த பிறகும் கடிக்கும்போது கொஞ்சம் எதிர்த்து நிற்கும். வெறும் மைதாவில் செய்தால் கொழகொழப்பு கூடும். எட்டில் ஒரு பங்கு ரவை அதைச் சரிசெய்யும். ஜெர்மனியில் சாதாரண மாவு வாங்கினால் பொட்டலத்தில் 405 என்ற எண்ணைப் பாருங்கள், அங்கே நைஸ் கோதுமை மாவின் வகை எண் அதுதான்.

100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, கடைசியில் இன்னொன்று என்பது அங்கத்திய வீட்டுக் கணக்கு. 400 கிராமுக்கு 5 முட்டை அப்படி வந்ததுதான். முட்டை ரொம்பச் சிறியதாக இருந்தால் ஆறாகப் போட்டு, தண்ணீரைக் குறையுங்கள்.

சீஸில் பாதிக்கு மேல் ருசியான, நாள்பட்ட கெட்டி வகை இருக்கட்டும்; மீதி நன்றாக உருகும் வகை. ஆல்காயில் 150 கிராம் பெர்க்கேஸே என்னும் மலைச் சீஸும் 100 கிராம் எமெண்டாலரும் சேர்ப்பது நல்ல அளவு. கார நெடி பிடித்தவர்கள் வைஸ்லாக்கர் அல்லது ரொமடூர் கொஞ்சம் கலப்பார்கள். ஊரில் செய்தால் கிரூயேர் அல்லது நாள்பட்ட கௌடா போதும். பதப்படுத்திய கட்டிச் சீஸ் வேண்டாம். அது நூலாக இழுபடாமல் பசைபோலப் பூசிக்கொள்ளும், உப்பும் தூக்கலாகிவிடும்.

படி 1: முதலில் வெங்காயம்

மாவைத் தொடுமுன் இதை அடுப்பில் ஏற்றிவிடுங்கள், 20 முதல் 25 நிமிடம் பிடிக்கும். வெங்காயத்தை மெல்லிய வளையங்களாக நறுக்கி, வெண்ணெயில் பாதிக்குமேல் கொஞ்சம் போட்டு, நடுத்தரத்துக்கும் குறைந்த தீயில் வதக்குங்கள். முதல் பத்து நிமிடம் நீர் விட்டுச் சுருங்கும், பிறகுதான் நிறம் ஏறும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி உள்ளே வேகாமல் நிற்கும். அந்தக் கசப்பு சீஸையும் கெடுத்துவிடும். பழுப்பு நிறம் வந்ததும் இறக்கி, அகலமான தட்டில் பரப்புங்கள். குவித்து வைத்தால் வேர்த்து நமுத்துப்போகும்.

படி 2: மாவு அடித்தல்

மாவு, ரவை, உப்பு கலந்து நடுவில் குழி செய்து முட்டைகளை உடைத்து ஊற்றுங்கள். தண்ணீர் 100 மில்லி மட்டும் சேருங்கள், மீதியைக் கையில் வைத்திருங்கள். கட்டையான மரக்கரண்டியால் கிண்ணத்தின் அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கி அடியுங்கள். ஸ்வாபிய வீடுகளில் இதற்கென்றே நடுவில் துளையிட்ட மரக்கரண்டி உண்டு. துளை வழியாக மாவு புகுந்து வருவதால் கை சீக்கிரம் சோர்ந்துபோகாது.

ஐந்து நிமிடமாவது விடாமல் அடிக்க வேண்டும். மாவு மினுமினுப்பாகி, மேற்பரப்பில் குமிழிகள் வந்து உடைவதுதான் நிறுத்தும் அடையாளம். கரண்டியைத் தூக்கினால் மாவு தடித்த நாடாவாக, மெதுவாக இறங்கி, ஒரு கட்டத்தில் அறுந்து விழ வேண்டும். இட்லி மாவைப்போல வழிந்தால் தளர்வு: மைதா ஒரு மேசைக்கரண்டி சேருங்கள். கரண்டியோடு ஒட்டி மொத்தமாக நின்றால் இறுக்கம்: தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி. இப்படிச் சிறுகச் சிறுகத்தான் திருத்த வேண்டும்.

அடிப்பதால் மாவில் உள்ள பசைப்புரதம் வலுப்பெறுகிறது. கொதிநீரில் கரையாமல் நிற்பது அதனால்தான். பிறகு மூடி 20 நிமிடம் வைத்துவிடுங்கள். ரவை நீரை இழுத்துக்கொள்ளும், மாவு சற்று இறுகும், அடித்த இழுவையும் தளரும். அதன்பின் பதத்தை மறுபடி பாருங்கள்.

படி 3: சோதனைத் துளி

3 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் உப்பு போட்டுத் தளதளவென்று கொதிக்க வையுங்கள். ஒரு சிறு துண்டு மாவை மட்டும் போட்டுப் பாருங்கள். கலைந்து நீர் கலங்கினால் மாவுக்கு மைதா வேண்டும். வெந்ததைக் கடித்தால் ரப்பராக இருந்தால் தண்ணீர் வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவிர்த்தவர்கள்தான் பானை முழுக்கக் கூழோடு நிற்பார்கள்.

படி 4: சீவுதல்

மரபான முறை பலகையில் சீவுவது. கைப்பிடி வைத்த பலகை, முன்விளிம்பு மெல்லியதாகச் சரிந்திருக்கும். பலகையையும், மாவைச் சீவித் தள்ளும் தட்டையான தகட்டையும் கொதிநீரில் நனைத்து, இரண்டு மேசைக்கரண்டி மாவை விளிம்புவரை மெல்லியதாகத் தடவி, தகட்டால் 3 மில்லிமீட்டர் அகல நூல்களாக நீருக்குள் தள்ள வேண்டும். ஒவ்வொரு முறை மாவு வைக்கும்போதும் பலகையையும், ஓரிரு சீவலுக்கு ஒருமுறை தகட்டையும் நனையுங்கள். காய்ந்தால் மாவு ஒட்டிக்கொண்டு திப்பிதிப்பியாக விழும். முதல் பலகை கோணல்மாணலாகத்தான் வரும். கவலை வேண்டாம், தடிப்பும் மெலிவுமாக இருப்பதே கையால் செய்ததற்கு அழகு.

புதிதாகச் செய்பவர்களுக்கு அச்சுதான் எளிது. ஜெர்மன் ஷ்பெட்ஸ்லே அச்சு நம் முறுக்கு அச்சுக்கு உறவு, இரண்டு நீண்ட கைப்பிடியை அழுத்துவது மட்டும் வேறு. வீட்டில் இருக்கும் தேன்குழல் அச்சிலேயே பிழியலாம். இடியாப்ப வில்லை வேண்டாம், நூல் மெலிந்து கரைந்துவிடும். அச்சுக்கு மாவு சற்று இறுக்கமாக இருக்கட்டும். கத்தியால் அறுத்து அறுத்து விடுங்கள், இல்லையேல் ஒரே சிக்காகிவிடும்.

எதில் செய்தாலும் ஒரே தடவையில் பானையை நிரப்பாதீர்கள். நிறைய மாவு விழுந்தால் கொதி அடங்கும், அடங்கிய நீரில் ஒன்றோடொன்று ஒட்டும். மேலே மிதந்து வந்து, இன்னொரு கொதி வந்ததும் கண் கரண்டியால் அள்ளி எடுங்கள்.

படி 5: அடுக்குதல்

ஓவன் சூடு தாங்கும் பாத்திரத்தை ஓவனில் 120 டிகிரியில் சூடாக்கி வையுங்கள். அள்ளிய ஷ்பெட்ஸ்லேயை நீர் வடித்து ஒரு அடுக்கு, துருவிய சீஸ் ஒரு அடுக்கு, மிளகுத்தூள், மறுபடி அப்படியே. ஒவ்வொரு தொகுதி வெந்து வரும்போதும் பாத்திரம் ஓவனிலேயே இருக்கட்டும். ஷ்பெட்ஸ்லேயின் சொந்தச் சூட்டிலேயே சீஸ் உருகும். குளிர்ந்த நீரில் அலசுவது சாலடுக்கும் மறுநாளைக்கும்தான். இதற்குச் செய்தால் சீஸ் உருகவே உருகாது. ஓவனை 200 டிகிரிக்கு ஏற்றினால் சீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து, மிச்சம் கட்டியாகிவிடும்.

சீஸ் வறண்டு தெரிந்தால் வெந்த நீரில் இரண்டு மூன்று கரண்டி ஊற்றிக் கிளறுங்கள். மீதி வெண்ணெயை உருக்கி ஊற்றி, மேலே வெங்காயம். கிரீம் சேர்க்கும் செய்முறைகளும் உண்டு; நல்ல சீஸ் வாங்கியவர்களுக்கு அது தேவையில்லை. பக்கத்தில் வினிகர் போட்ட பச்சைச் சாலட் கட்டாயம் இருக்க வேண்டும், இந்தக் கொழுப்புக்கு அந்தப் புளிப்பு வேண்டும்.

அங்கே போய்ச் சாப்பிடும்போது

ஸ்டுட்கார்டில் 1914-இல் திறந்த மார்க்கெட் ஹாலில் சீஸ் கடைகளைச் சுற்றிப் பாருங்கள். உல்மில் 161.5 மீட்டர் உயரத் தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ப்ளாவ் ஆற்றங்கரையின் பழைய மீனவர் குடியிருப்புப் பகுதிக்கு நடந்தால் ஸ்வாபியச் சாப்பாட்டுக் கடைகள் கிடைக்கும். பல உணவகங்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையலறையை மூடி மாலையில்தான் திறக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைப்பு, எனவே சமைக்க வேண்டியவற்றைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

திராட்சைத் தோட்டக்காரர்கள் நடத்தும் பெசன்விர்ட்ஷாஃப்ட் என்னும் சிறு கடைகள் வாசலில் துடைப்பம் தொங்கினால் திறந்திருக்கும். ஆண்டில் சில மாதம்தான் நடக்கும், இருக்கைகளும் குறைவு. ஒயினும் எளிய சாப்பாடும் மலிவாகக் கிடைக்கும்.

சைவப் பயணிகள் இரண்டு இடத்தில் கவனிக்க வேண்டும். லின்ஸன் மிட் ஷ்பெட்ஸ்லே என்பது பருப்பும் ஷ்பெட்ஸ்லேயும்தான், ஆனால் சாசேஜோடு வரும். பருப்பிலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் இருக்கக்கூடும். "ஓனே ஷ்பெக், ஓனே வுர்ஸ்ட்" என்று சொல்லிக் கேளுங்கள். மலைச் சீஸ்களில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் வழக்கம். அது வேண்டாதவர்கள் சொந்தமாகச் செய்யும்போது பொட்டலத்தில் "மிக்ரோபியெல்லஸ் லாப்" (நுண்ணுயிரிலிருந்து பெற்ற உறைபொருள்) என்றிருக்கும் சீஸை வாங்கலாம்.

மீந்த ஷ்பெட்ஸ்லேயை மறுநாள் வெண்ணெயில் ஓரம் மொறுமொறுவென்று ஆகும்வரை வறுத்து, மேலே இரண்டு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறுங்கள். இதற்கு மட்டும் சீஸ் கலக்காத பங்கைத் தனியே எடுத்து, குளிர்நீரில் அலசி, கொஞ்சம் எண்ணெய் தடவிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.