உப்புப் பொரிந்த பழைய சுவரை எப்படிச் சரிசெய்வது?

திருகோணமலையில் கடற்கரைப் பக்கம் பூட்டிக் கிடந்த கல்வீட்டை வாங்கினால், சுவரில் கைவைக்கும் முன் கூரையைப் பாருங்கள். உடைந்த ஓடு, கறையான் அரித்த சலாகை எல்லாவற்றையும் ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிட வேண்டும். கூரை ஒழுகும்வரை கீழே செய்யும் வேலை வீண்.

பிறகு சுவர். அடியில் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்கிறதா? நிலத்து ஈரம் உப்பையும் சேர்த்து மேலே இழுக்கிறது. இதன்மேல் சீமெந்து பூசுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறி, இரண்டு அடிக்கு மேல் பொரியத் தொடங்கும்.

வெளியே மண் வீட்டின் உள்தரை மட்டத்துக்கு மேல் குவிந்திருந்தால், ஆறு அங்குலம் கீழே வரும்வரை வெட்டுங்கள். கறைக்கு மேல் ஒன்றரை அடிவரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, கல் இடுக்குகளை முக்கால் அங்குலம் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள்; தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் கதவு யன்னலைத் திறந்து காயவிடுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் காய மாதக்கணக்காகும், அவசரப்படக்கூடாது.

பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, அரித்த ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணலும் உவர்க் கிணற்று நீரும் வேண்டவே வேண்டாம். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசினால் வெடிக்கும். சில நாள் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, கடைசியில் சுண்ணாம்பே அடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் ஈரத்தை மறுபடி அடைத்துவிடும்.