மலேரியா ஆய்வை நான் படிக்கும் விதம்

முடிவுரையிலிருந்து தொடங்காதீர்கள், பல வருடம் அப்படிப் படித்து ஏமாந்தவன் நான். நேராக ஆய்வுமுறைப் பகுதிக்குப் போங்கள். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்களா? எதை அளந்தார்கள்? ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்ததைவிட, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

அப்புறம் கணக்கு. கடும் மலேரியா கண்ட 5,425 ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. குயினைன் என்ற பழைய மருந்தைப் பெற்றவர்களில் 10.9 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் என்ற புதிய மருந்தைப் பெற்றவர்களில் 8.5. 'இறப்பு 22.5 சதவீதம் குறைந்தது' என்று தலைப்புப் போடலாம், பொய்யில்லை. நானோ கழித்துத்தான் பார்ப்பேன்: 2.4. அதாவது, 40 சொச்சம் குழந்தைகளுக்கு மருந்தை மாற்றினால் கூடுதலாக ஓர் உயிர். சின்ன எண்ணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரி, பெரியவர்களுக்கு? இதையே பொருத்தாதீர்கள், 2005இல் வெளியான ஆசிய ஆய்வைத் தனியாகப் பாருங்கள்.