மெட்டோபுரோலால் சாப்பிடுபவர்கள் தெரிந்துவைக்க வேண்டியவை

பிரஷருக்கும் இதய நோய்க்கும் தரும் மெட்டோபுரோலால் என்று கேட்டால் மருந்துக்கடையில் இரண்டு வகை இருக்கும். டார்ட்ரேட் சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் பெரும்பாலும் காலை, இரவு என்று எழுதித் தருவார்கள். சக்சினேட் நாள் முழுக்க மெதுவாகக் கரைவது, ஒரு வேளை போதும். அட்டையில் எக்ஸ்எல், ஈஆர் என்று போட்டிருக்கும். இதயம் பலவீனமானவர்களுக்குப் பலன் உறுதியாகியிருப்பது சக்சினேட்டில்தான். எனவே "மெட்டோபுரோலால் 50" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் எந்த உப்பு (டார்ட்ரேட்டா, சக்சினேட்டா) என்று இருப்பதைப் படித்துப் பாருங்கள்.

மெதுவாகக் கரையும் மாத்திரையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. ஒரு நாள் மருந்து ஒரேயடியாக இறங்கி, நாடியும் பிரஷரும் சட்டென்று விழுந்துவிடும். நடுவில் கோடு போட்டதை மட்டும் பாதியாக உடைக்கலாம். தினமும் ஒரே நேரத்தில், சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு போடுங்கள். ஒரு வேளை மறந்துபோய், அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

நாடி பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலால் பார்த்தால் அதன் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். முழு நிமிடம் எண்ண வேண்டும். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சரிவராது. 50க்குக் கீழே போனால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். மயக்கமும் சேர்ந்து வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

முதல் சில வாரங்களில் அசதி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், கை கால் சில்லிடுதல், கெட்ட கனவுகள் வரலாம். ஆண்மைக் குறைவும் சிலருக்கு உண்டு. கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இங்கேதான் பெரிய ஆபத்து. இதயத்தை வேகப்படுத்தும் அட்ரினலின் ஹார்மோனைத் தடுத்துவைத்திருந்த மருந்து திடீரென்று விலகினால், இதயம் அதற்கு முன்னைவிட அதிகமாக எகிறும். நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் மருத்துவர் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார். ஊருக்குப் போகும்போது வேளை தவறாமல் இருக்க, இரண்டு நாளுக்கான மாத்திரையைக் கூடுதலாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுகருக்கு இன்சுலின் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சுகர் இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடும். வியர்வை மறையாது. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சுகர் பாருங்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மூச்சுக்குழாய் இறுகக்கூடும்.

வேறு மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். பிரஷருக்கும் நெஞ்சுவலிக்கும் தரும் வெரபமில், டில்டியாசெம் ஆகியவற்றில் எது இதனோடு சேர்ந்தாலும் நாடி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்செடின், பராக்செடின் கல்லீரல் இதை உடைப்பதைத் தடுக்கும். அதே மாத்திரை அதிக டோஸ் போல வேலை செய்யும். இதய பலவீனத்துக்குச் சாப்பிடுபவர்களுக்கு டோஸ் கூட்டும் நாட்களில் கால் வீங்கினாலோ, நாலைந்து நாளில் எடை 2 கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.